நாங்கள் தண்ணீர் குடித்த நாள்

கழிப்பறைக்குப் போகும் அட்டையை ஆணியிலிருந்து கழற்றி உங்கள் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டது நீங்கள்தான். கம்பெனி சொல்லித்தான் செய்தேன் என்று விசாரணையில் சொன்னீர்கள். பொய். அந்த அட்டை எங்கே தொங்குகிறது என்றுகூடக் கம்பெனிக்குத் தெரியாது. எங்கள் லைனில் வேலை செய்த பெண்களுக்கு உங்கள் பையைத் தெரியும். அதற்குள் கை விடும்போது உங்கள் முகம் எப்படி மாறும் என்பதும் தெரியும்.

எல்லோரையும் போல நானும் உங்களை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். இனிமேல் 'அவர்' என்று எழுதுகிறேன். அதுவே உங்களுக்கு அதிகம்.

அவரைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. திட்ட வேண்டியதை நேரிலேயே திட்டிவிட்டேன். சங்கத்துக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்கு நன்றி சொல்ல வராது. வாயைத் திறந்தால் சண்டை மாதிரி இருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். என் வேலை போக இருந்தது. போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் இந்தக் கதை.

பாசிர் கூடாங் பக்கம் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. ஏர்கோன் பெட்டிக்குள் போகும் வயர்களை நாங்கள் சேர்த்துக் கட்டுகிறோம். நீளமான பெல்ட்டில் பலகைகள் நகர்ந்து வரும். ஒவ்வொருத்தியும் தன் நிற வயரை அதில் மாட்ட வேண்டும். என்னுடையது மஞ்சளும் கறுப்பும். ஒருத்தி எழுந்து போனால் பக்கத்தில் இருப்பவள் அவள் வேலையையும் சேர்த்துச் செய்தாக வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் போய்விட்டால் லைன் திணறும். அதற்காகத்தான் அந்த அட்டை, பாஸ் என்போம். லைனுக்கு ஒன்று. சிவப்பு பிளாஸ்டிக், கழுத்தில் மாட்டக் கயிறு. அட்டை கையில் இருப்பவள் கழிப்பறைக்குப் போகலாம். மற்றவர்கள் அவள் வரும்வரை பொறுக்க வேண்டும்.

முன்பு எங்களுக்கு ஒரு சீன அம்மாள் சூப்பர்வைசராக இருந்தார். அவர் காலத்தில் அட்டை தூணில் ஓர் ஆணியில் தொங்கும். தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். இருந்தால் எடுத்துக்கொண்டு போவோம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்த அம்மாள் கத்துவார், ஏசுவார், பலகை விழுந்தால் எங்கள் பரம்பரையையே இழுப்பார். ஆனால் மூத்திரம் போவது எங்கள் சொந்த வேலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த அம்மாள் ஓய்வு பெற்றதும் இவர் சூப்பர்வைசராக வந்தார். நம்மவர் வந்தார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர். லைனில் பாதிப் பேர் தமிழ்ப் பெண்கள். வந்த முதல் நாளே, "என்னய அண்ணன்னே கூப்பிடுங்க லா, சாரெல்லாம் வேணாம்" என்றார். கூப்பிட்டோம்.

கொஞ்ச நாளில் அட்டை ஆணியிலிருந்து அவர் சட்டைப் பைக்குப் போனது. கழிப்பறையில் போய் கைப்பேசி பார்க்கிறார்களாம். கேட்டு வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். சரி என்று கேட்டு வாங்கினோம். அப்புறம் அது கால்சட்டைப் பைக்குப் போனது. போய்க் கேட்டால் அவருடைய ஒரு கையில் கிளிப்போர்டு இருக்கும், இன்னொரு கையில் கைப்பேசி இருக்கும்.

"அண்ணன் பாக்கெட்ல இருக்கும்மா. எடுத்துக்க. கை ரெண்டும் வேலயா இருக்கு லா."

முதல் தடவை நான் எடுத்தேன். உண்மையிலேயே கை வேலையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன். பை ஆழம். அட்டை அடியில் கிடந்தது. நான் தேடும்போது அவர் இடுப்பைத் திருப்பினார். அன்று கழிப்பறையில் சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன்.

அதற்கப்புறம் நாங்கள் யாரும் ஒருவரோடு ஒருவர் இதைப் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே எல்லோரும் ஒரே வேலையைச் செய்தோம். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். காலையில் பஸ் ஏறுவதற்கு முன் வீட்டிலேயே போய்விட்டு வருவோம். சாப்பாட்டு நேரத்தில் அட்டை தேவையில்லை, ஓடிப்போய் வரிசையில் நிற்போம். நடுவில் அடக்கிக்கொள்வோம். மாதவிடாய் நாட்களில் லீவு போட்டவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. கிளினிக்கில் டாக்டர், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார். சரி டாக்டர் என்றேன். வேறென்ன சொல்வது? எங்கள் லைனில் அந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடாத பெண்ணே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதை முதலில் கண்டுபிடித்தது பக்கத்து லைனில் வேலை செய்யும் ஒரு மலாய்க்காரப் பெண். என்னைவிடச் சில வயது மூத்தவர். காக் என்று கூப்பிடுவோம், அக்கா மாதிரி. சங்கத்தின் பெண்கள் பிரதிநிதி. சங்கம் என்றால் எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஆண்டுக் கூட்டத்தில் கொடுத்த ஒரு குடைதான். குடைக்காகத்தான் சேர்ந்தேன். நல்ல குடை.

வயர் வேலையில் தண்ணீர் சிந்தக் கூடாது என்று போத்தல்களை லைனுக்கு வெளியே ஓர் அலமாரியில் வைத்திருப்போம். வேலை முடிந்து போகும்போது காக் எங்கள் அலமாரியைப் பார்த்திருக்கிறார். அவருடைய லைனில் எல்லாப் போத்தலும் காலி. எங்களுடையது காலையில் வைத்தபடி கழுத்து வரைக்கும் இருந்தது. ஒரு நாள் இல்லை, தினமும்.

மலாயில்தான் கேட்டார். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"என்னாடி உங்க லைன் மட்டும் புவாசாவா? எங்களுக்கே நோன்பு மாசம் இன்னும் வரலயே!"

"தாகம் இல்ல காக்."

"யாருக்குமேவா?"

"ஏர்கோன் குளிரு காக்."

அவர் சிரித்தார். ஆனால் நம்பவில்லை. போகும்போது ஒரு போத்தலைத் தூக்கி எடை பார்த்துவிட்டு வைத்தார்.

என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். சின்னவள். பாலோ பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவளுடைய அப்பாவுக்கு வேலை. இவள் மாசாயில் அடுக்குமாடி வீட்டில் நாலு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். என்னை அக்கா என்பாள். ஒரு நாள் மத்தியானம் அவள் கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை.

"போய்ட்டு வாயேன்டி."

"வேணாங்கா. மணி அடிக்கட்டும்."

அவர் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு தடவை தன் பையைத் தட்டிக் காட்டினார். அவள் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய ஸ்டூலுக்குக் கீழே சொட்டுகிற சத்தம் கேட்டது.

அவள் அழவில்லை. வயர் மாட்டிக்கொண்டே இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் எழுந்து என் நீல மேலங்கியைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். மஞ்சளும் கறுப்பும் இல்லாமல் பலகைகள் போய்க்கொண்டிருந்தன.

"ஏய், பாஸ் எங்க? பாஸ் இல்லாம ரெண்டு பேரும் எங்க போறீங்க?"

"ஒன் பாக்கெட்லயே வச்சுப் பூச பண்ணு!" என்றேன். இன்னும் சொன்னேன். அதெல்லாம் அச்சில் வராது.

மறுநாள் காலையில் மனிதவள அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த மேடமும் தமிழ். நாற்காலி போட்டார், மைலோ குடிக்கிறீர்களா என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"அவரு கோயில்ல எவ்ளோ செய்றாரு தெரியுமா சிஸ்டர்? நம்மாளுங்க மேல வர்றதே கஷ்டம். நம்மளே இழுத்துக் கீழ போட்டா மத்தவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"அந்தப் புள்ள லைன்லயே ஒன்னுக்குப் போயிருச்சி மேடம்."

"அதுக்கு மெடிக்கல் ரீசன் இருக்கலாம் லா. நான் பாக்குறேன். நீங்க வெளிய பேசாதீங்க."

பார்த்தார். அந்த வாரமே எனக்கு மாற்றல் வந்தது. கம்பெனிக்கு இன்னொரு ஆலை இருக்கிறது, தொலைவில். எல்லாம் என் பாதுகாப்புக்காகவாம். அடுத்த வாரத்திலிருந்து அங்கே போக வேண்டும். நான் இருக்கும் மாசாயிலிருந்து அங்கே கம்பெனி பஸ் கிடையாது. நான் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில்லை. முன்பு விழுந்து முட்டியில் கம்பி வைத்திருக்கிறார்கள். இது மேடத்துக்குத் தெரியும். போகாவிட்டால் நானாகவே வேலையை விட்டதாக ஆகும். கையைப் பைக்குள் விடச் சொன்னவர் தூணில் சாய்ந்தபடியே இருப்பார், நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் திட்டம்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை. விடியும் முன் எல்லைப் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிற கூட்டத்தில் அவரும் ஒருவர். வந்தவுடன் சொன்னேன். தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டார்.

"வுட்டுரு. சனியன் வேல. நான் கொண்டாற்றது பத்தலயா?"

"பத்துது. அதுக்கு நான் ஏன் வுடணும்? நானா பாக்கெட்ல வச்சேன்?"

"கோயிலு கொளம்னு எல்லா எடத்துலயும் அவன் மூஞ்சியத்தான் பாக்கணும்டி. என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். நானும் பேசுவேன்."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, படுத்தபோது வேலையை விட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். முட்டியில் கம்பியோடு இரண்டு பஸ் மாறி, பிறகு நடந்து, எத்தனை நாள் போக முடியும்? மறுநாள் கேன்டீனில் காக்கிடம் அதைத்தான் சொன்னேன். விடைபெறத்தான் போய் உட்கார்ந்தேன். அவர் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"தண்ணி போத்தல் சமாச்சாரமா?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் போத்தல்களைப் பார்த்தே பாதி கண்டுபிடித்திருந்தார். மீதியை நான் சொன்னேன். அலமாக் என்றார், நம் ஐயையோ மாதிரி. பிறகு ஒரு நீளமான மலாய் வசவு. அதுவும் அச்சில் வராது.

"ரிசைன் பண்ணாத. நீ போனா ஒன் ஸ்டூல்ல நாளைக்கு இன்னொருத்தி ஒக்காருவா. அந்தப் பொண்ணு பக்கத்துல அப்புறம் யாரு ஒக்காருவா?"

சாயங்காலமே என்னைச் சங்க அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். மாசாயில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. ரொட்டி சானாய் வாசனை படியேறி வரும். அங்கே செயலாளர் இருந்தார், தமிழர், வயதில் என்னைவிடச் சின்னவர், எந்நேரமும் தொலைபேசியில் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பார். நான் சொல்லச் சொல்லத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். மைலோ வேண்டுமா என்று கேட்கவில்லை. கேள்விதான் கேட்டார். எப்போது, எங்கே நின்றார், யார் பார்த்தார்கள், மேடத்திடம் எந்த நாளில் சொன்னீர்கள். கடைசியில் சொன்னார்:

"அக்கா, புகார் குடுத்தவங்களத் தூக்கிக் கடாசுறது அவங்க வழக்கம். புகார் வந்தா விசாரிக்கணும்னு சட்டம் இருக்கு. விசாரிக்காம ஒங்கள நகத்த வுட மாட்டோம். நாளைக்குக் காலைல கம்பெனிக்கு எங்க கடுதாசி போயிரும். ஒங்க ஸ்டூல்லயே போயி ஒக்காருங்க. யாராச்சும் எழுப்புனா எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க."

இத்தனை நாளில் எனக்காக ஒருவர் 'வுட மாட்டோம்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதிலும் 'மாட்டோம்'. அந்த 'ஓம்' எனக்குப் பெரிதாக இருந்தது.

மாற்றல் நின்றது. விசாரணை முடியும் வரை மட்டும். விசாரணையில் நான் ஒருத்தி மட்டும் சொன்னால் கோபக்காரி எதையோ சொல்கிறாள் என்று மூடிவிடுவார்கள் என்றார் செயலாளர். எனக்குத்தான் வாய் நீளம் என்று தொழிற்சாலை முழுக்கப் பெயர் இருந்ததே. லைனில் மற்றவர்களும் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காக்கின் வீட்டில் கூடினோம். மாசாயில் வரிசை வீடு. லைனில் பாதிப் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். வந்து, பாயில் உட்கார்ந்து, வாழைப்பழப் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பாலோ பெண்தான் முதலில் பேசினாள்.

"எனக்கு அன்னிக்கு ரொம்ப நேரமா வந்துச்சி. அந்தப் பாக்கெட்ல கைய வுடுறதுக்கு, அப்படியே போயிறலாம்னு தோணுச்சி."

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக. எனக்கும். எனக்கும்தான். என் மருமகளையும் இதே லைனில் சேர்க்கச் சொன்னார்கள், நான் வேண்டாமென்றேன், காரணம் சொல்லவில்லை. இப்படி. ஆனால் விசாரணைக்கு வருகிறீர்களா என்று காக் கேட்டதும் கண்களெல்லாம் மறுபடி பலகாரத்துக்குப் போயின. ஒருத்திக்குக் கணவரிடம் பயம். ஒருத்தியின் அண்ணன் அதே கோயில் நிர்வாகத்தில். "நான் இங்க வந்தேன்னே சொல்லாதீங்க" என்றாள் இன்னொருத்தி. எனக்குக் கோபம் வந்தது. கத்த வாயெடுத்தேன். காக் என் தொடையைக் கிள்ளினார்.

"சாட்சி சொல்ல வேணாம். நாளைக்குத் தண்ணி மட்டும் குடிங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"வழக்கம் போலத் தண்ணி குடிங்க. வந்துச்சின்னா போங்க. ஆனா யாரும் கைய வுட்டு எடுக்காதீங்க. பாஸ மேசைல வைக்கச் சொல்லி நில்லுங்க. அவ்ளோதான்."

"வேல நின்னுட்டா ஸ்டிரைக்குனு சொல்லிருவாங்களே காக்?"

காக் செயலாளரைத் தொலைபேசியில் கேட்டார். அவர் சிரித்த சத்தம் வெளியே எங்களுக்கும் கேட்டது. "ஒன்னுக்குப் போறதுக்கு நிக்கறத எந்த ஊர்லயும் ஸ்டிரைக்குனு சொல்ல முடியாதுக்கா. குடிங்க, குடிங்க."

திங்கட்கிழமை காலை வேலை தொடங்கும் முன் நாங்கள் அலமாரிக்கு முன்னால் நின்று குடித்தோம். கடகடவென்று. மாதக்கணக்கில் குடிக்காத தண்ணீர். அதில் ஒருத்திக்குப் புரையேறியது, இன்னொருத்தி முதுகில் அடித்தாள். காக்குக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். சாப்டாச்சா, சம்பளம், போடா, தண்ணி. தன் லைனுக்குப் போகும் வழியில் எங்களைக் கடக்கும்போது கையை ஆட்டி, "தண்ணி குடி! தண்ணி குடி!" என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு போனார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் தூணில் சாய்ந்து எங்களைப் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை.

முதலில் எழுந்தவள் நான் இல்லை. பச்சை வயர் மாட்டும் ஒரு பெண், லைனிலேயே அதிகம் பயந்தவள், 'நான் வந்தேன்னே சொல்லாதீங்க' என்றவள். அவர் முன்னால் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பாஸ மேசைல வைங்கண்ணே."

"பாக்கெட்ல இருக்கு லா. எடுத்துக்க."

"மேசைல வைங்க."

"என்னா புதுசா இருக்கு? கை வேலயா இருக்குன்னு தெரியலயா?"

அவள் நகரவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி போய் நின்றாள். அப்புறம் இன்னொருத்தி. பாலோ பெண் போனாள். நான் போனேன். பெல்ட்டில் பலகைகள் அரைகுறையாகப் போய் முனையில் குவிந்தன. மேலே சிவப்பு விளக்கு சுற்ற ஆரம்பித்தது. "எல்லாரும் எடத்துக்குப் போங்க!" என்று கத்தினார். கைகள் பின்னால், வாய் மூடி, ஒரு வரிசை.

விளக்கைப் பார்த்து உற்பத்தி மேனேஜர் ஓடி வந்தார். சீனர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். என்ன நடக்கிறது என்று மலாயில் கத்தினார். பச்சை வயர்க்காரி மெதுவாகச் சொன்னாள்: "தண்டாஸ், பாஸ்." கழிப்பறை, முதலாளி.

"அப்ப போங்களேன்! எதுக்கு நிக்கறீங்க?"

"அட்ட இல்ல."

"அட்ட எங்க?"

அவள் வாயால் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. வரிசையில் இருந்த எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தோம். மேனேஜரும் அந்த இடத்தைப் பார்த்தார். ஒரு கையில் கிளிப்போர்டு, ஒரு கையில் கைப்பேசி, நடுவில் அந்தப் பை.

மேனேஜர் அவரை ஏசவில்லை. கையை மட்டும் நீட்டினார். உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றார். கைப்பேசியை வாயில் கவ்வ முடியாது, இவர் கிளிப்போர்டைத் தரையில் போட வேண்டியிருந்தது. இறுக்கமான கால்சட்டை. அட்டை அடியில் மாட்டிக்கொண்டது. லைன் முழுக்கப் பார்க்க, பக்கத்து லைனும் எழுந்து நின்று பார்க்க, அவர் தன் பைக்குள் தானே கைவிட்டுக் குடைந்து குடைந்து எடுத்தார். எங்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அந்த மேனேஜருக்கு யாரும் அதற்கப்புறம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விசாரணை அறையில் கம்பெனி ஆட்கள் மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நான், என் பக்கத்தில் காக். சங்கத்தின் ஆள் பக்கத்தில் உட்காரலாம் என்பதே எனக்கு முன்பு தெரியாது. கேள்வி கேட்டவர், ஏன் அப்போதே கத்தவில்லை என்றார். ஏன் இத்தனை மாதம் அண்ணே என்று கூப்பிட்டீர்கள் என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நான் எழுந்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். காக் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அமைதியாகக் கேட்டார்: "தூணில் ஆணி இருக்கும்போது அட்டைக்குப் பை எதற்கு? அதை அவரிடம் கேட்டீர்களா?" அவரை உள்ளே கூப்பிட்டு அதைக் கேட்ட பிறகுதான் அவர் கம்பெனிமேல் பழியைப் போட்டது. தங்கச்சி மாதிரி நினைத்துப் பழகினேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

சாட்சிக்கு வரமாட்டேன் என்றவர்களில் பலர் வந்தார்கள். சிவப்பு விளக்கு சுற்றியபோது சேர்ந்து நின்றவர்களுக்கு ஓர் அறைக்குள் போய்ப் பேசுவது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை போலிருக்கிறது. பாலோ பெண் மலாயில் திக்கித் திக்கிச் சொன்னாள். ஸ்டூலுக்குக் கீழே சொட்டியதையும் சொன்னாள். கேள்வி கேட்டவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

என் மாற்றல் ரத்தானது. அவர் லைனைவிட்டுப் போனார். அட்டை ஆணிக்குத் திரும்பி வந்தது. அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் சங்கம் பிடிவாதமாக நின்று லைனுக்கு ஒரு மாற்று ஆளைக் கேட்டு வாங்கியது. இப்போது அட்டையே இல்லை. கையைத் தூக்கினால் மாற்று ஆள் வந்து உட்காருவாள், நாம் போகலாம். புகார் கொடுத்தவரை இடம் மாற்றக் கூடாது என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. என்னால் வந்த வரி என்று செயலாளர் கேலி செய்வார்.

காக்குக்கு என்ன கிடைத்தது? பல மாதம் ஓவர்டைம் கிடைக்கவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, அட்டவணையில் அவரை விட்டுவிட்டார்கள். நான் மேடத்திடம் சண்டைக்குப் போகிறேன் என்றேன். "வேணாம் லா. இப்பத்தான் சாயங்காலம் பேரப்புள்ளயோட ஒக்காந்து டிவி பாக்குறேன். கெடுத்துறாத" என்றார். அதையும் சங்கம் பிறகு சரிசெய்தது. அந்த மாதங்களில் அவர் ஒரு நாள்கூட என்னிடம் முகம் சுளிக்கவில்லை. அவருடைய லைன் இல்லை, அவருடைய மொழி இல்லை, அவருடைய பை விவகாரம் இல்லை. நிரம்பிய போத்தலைப் பார்த்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். போகவில்லை. இதற்கு என்ன வார்த்தை சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திரிமா காசே என்று மலாயில் நன்றி சொன்னால் குடைக்குச் சொன்னது மாதிரி இருக்கிறது.

பாலோ பெண் இன்னும் என் பக்கத்தில்தான் இருக்கிறாள். இப்போது லைனில் வாய் அதிகம் அவளுக்குத்தான். போன வருஷம் என்னையும் பெண்கள் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். கோபக்காரி ஒருத்தி வேண்டுமாம்.

ஆனால் ஒரு விஷயம் முடியவில்லை. அதை முடிக்காமல் நன்றியை மட்டும் எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது.

அவர் எங்கே போனார் என்று கம்பெனி எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த இன்னொரு ஆலையில், என்னை அனுப்ப இருந்த அதே இடத்தில் இருக்கிறார் என்று சாமான் ஏற்றும் லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். அங்கே வேலை செய்வது பெரும்பாலும் நேப்பாள, இந்தோனேசியப் பெண்கள். ஏஜெண்டு மூலம் வந்தவர்கள். சங்கத்தில் இல்லை. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு காக் இல்லை. லாரிக்காரர்கள் சொல்வது உண்மையா என்று சங்கம் எழுத்தில் கேட்டிருக்கிறது. பதில் இல்லை.

போன மாதம் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு மண்டபத்தில் பெண்கள் பாதுகாப்பு என்று கூட்டம் நடந்தது. மனிதவள மேடம்தான் மேடையில். எங்கள் கம்பெனியில் பெண்கள் எல்லாரும் ஒரே குடும்பம், இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லை என்று பேசினார். நான் எழுந்து கேள்வி கேட்கக் கையைத் தூக்கினேன். மைக் வரவில்லை. மைக் இல்லாமலே கேட்டேன், என் குரல் அப்படி. காக்கும் எழுந்து நின்றார். மேடம் சிரித்துக்கொண்டே, "அப்புறம் தனியா பேசலாம் சிஸ்டர்" என்றார்.

தனியாகப் பேசி எனக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று, மேடம். மண்டபத்தில் கேட்டதை இங்கே எழுதிக் கேட்கிறேன். அவரை அந்த ஆலையில் பெண்களுக்கு மேல் வைத்திருக்கிறீர்களா, இல்லையா? வைத்திருந்தால், யார் கையெழுத்தில்? ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்து நின்று, எங்கள் எல்லோருக்கும் முன்னால், அந்த நேப்பாளப் பெண்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.